அந்நியரைக் கலாய்த்தல்: தமிழில் மறைகேமரா நகைச்சுவையும் பனியன் வட்டாரமும்

மறைகேமரா நகைச்சுவைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் குறும்பு செய்பவர். இன்னொருவர் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் மாட்டிக்கொள்பவர். மூன்றாமவர் எல்லாம் தெரிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர். மேடை நாடகத்துக்கு நடிகரும் ரசிகரும் போதும். இங்கே நடுவில் ஒருவர், தான் நடிப்பது தெரியாமலே நடித்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் வரும் குழப்பம், அடுத்து வரும் கோபம், உண்மை தெரிந்ததும் வரும் அசட்டுச் சிரிப்பு ஆகியவைதான் நிகழ்ச்சியின் சரக்கு. இது தனி நிகழ்ச்சியாகவும் வரும்; விருந்தினருடன் அரட்டை, மிமிக்ரி, பாட்டு என்று போகும் கதம்ப நிகழ்ச்சிக்குள் தெருவில் எடுத்த ஐந்து நிமிடத் துண்டாகவும் வரும். தமிழில் இதற்கு இன்று நிலைத்துவிட்ட பெயர் ‘பிராங்க்’.

இந்த வகையைத் தமிழ்நாட்டில் பார்ப்பதற்குக் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரம் பொருத்தமான இடம். குசும்புக்குப் பேர்போன பகுதி என்ற பெயர் கொங்கு நாட்டுக்கு ஏற்கனவே உண்டு. அதைவிட முக்கியமான காரணம் வேறு. மறைகேமரா நகைச்சுவை முழுக்க முழுக்க அந்நியர்களைப் பற்றியது. முன்பின் தெரியாதவர்கள் பேருந்து நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் தோளோடு தோள் உரசி நிற்கும் இடத்தில்தான் அது நடக்கும். பனியன் தொழில் வளர்த்த திருப்பூரில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. மதுரை, தேனி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறவர்கள் என்று லட்சக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் யாரென்று தெரியாமல் வேலை பார்க்கும் ஊர் அது.

தொடக்கம்

மறைந்திருந்து பதிவு செய்து சிரிக்கவைக்கும் உத்தியை ஒரு நிகழ்ச்சியாக நிலைநிறுத்தியவர் அமெரிக்கரான ஆலன் ஃபன்ட். 1947இல் வானொலியில் ‘கேண்டிட் மைக்ரோஃபோன்’ என்ற பெயரில் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது தொலைக்காட்சிக்குப் போனது. பிறகு ‘கேண்டிட் கேமரா’ என்று பெயர் மாறி, பல பத்தாண்டுகள் விட்டுவிட்டு ஒளிபரப்பானது. 1962இல் வந்த ஒரு துண்டு இன்றும் உளவியல் வகுப்புகளில் காட்டப்படுகிறது. லிஃப்ட்டுக்குள் ஏறும் நிகழ்ச்சிக்காரர்கள் எல்லோரும் கதவுக்கு முதுகைக் காட்டிப் பின்சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். ஒன்றும் அறியாமல் ஏறியவர் முதலில் திகைக்கிறார், கடிகாரம் பார்ப்பதுபோல் மெல்லத் திரும்புகிறார், கடைசியில் அவரும் சுவரைப் பார்த்து நிற்கிறார். அவரை யாரும் ஏமாற்றவில்லை, திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. கூட்டத்தோடு ஒத்துப்போகும் மனித சுபாவம் ஒன்று வெளிப்பட்டது, அவ்வளவுதான். இந்த வகையில் வந்தவற்றுள் ஆகச் சிறந்ததாக இதைச் சொல்லலாம்.

ஃபன்ட்டின் புகழ் அவருக்கே ஒருமுறை வினையாக வந்தது. 1969 பிப்ரவரியில் அவர் பயணம் செய்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் கியூபாவுக்குக் கடத்தப்பட்டது. அவரை அடையாளம் கண்ட சக பயணிகள், இதுவும் ‘கேண்டிட் கேமரா’ வேலைதான் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையான கத்தியையும் வேடிக்கை என்று எண்ணவைக்கும் சக்தி இந்த வகைக்கு உண்டு என்பது அன்றே தெரிந்துபோனது.

பிரிட்டனில் 1986 முதல் பத்து ஆண்டுகள் ஓடிய ‘பீடில்ஸ் அபவுட்’, அமெரிக்காவில் 2003இல் எம்டிவி தொடங்கிய ‘பங்க்டு’ போன்றவை இதே மரபில் வந்தவை. பங்க்டு பிரபலங்களையே மாட்டிவிட்டது. கனடாவின் கியூபெக்கில் 2000இல் தொடங்கிய ‘ஜஸ்ட் ஃபார் லாஃப்ஸ்: கேக்ஸ்’ வேறு வழியில் போனது. அதில் பேச்சே கிடையாது. பின்னணி இசையும் பொய்ச் சிரிப்பொலியும் மட்டும். மொழிபெயர்ப்புச் செலவு இல்லை என்பதால் உலகம் முழுக்க விற்றது, விமானங்களிலும் ஓடியது. தமிழும் இந்தியும் ஒடியாவும் புழங்கும் ஓர் அறையில் எல்லோரும் சேர்ந்து பார்க்கக்கூடிய நகைச்சுவை என்றால் அது இப்படிப்பட்ட ஊமைப் படங்கள்தான். இந்தியாவில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்டிவியின் ‘பக்ரா’ வழியாகச் சைரஸ் பரோச்சா இந்த வகையைப் பரப்பினார். ஆனால் அது ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசிய நகரத்து இளைஞர்களுக்கானது. தமிழ் வீடுகளை அது பெரிதாகத் தொடவில்லை.

தமிழ்த் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டதும் விட்டதும்

1993 ஏப்ரலில் சன் டிவி வந்து, தொடர்ந்து ராஜ், விஜய் என்று தனியார் அலைவரிசைகள் பெருகியபோது, நகைச்சுவை நிகழ்ச்சிக்குத் தமிழில் மலிவான வழி ஒன்று கையில் இருந்தது: சினிமா. படக் காட்சிகளைத் தொகுத்துப் போட்டு நடுவில் இரண்டு பேர் பேசினால் அரை மணி நேரம் நிரம்பிவிடும். அடுத்த கட்டத்தில் வந்த விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ படங்களைக் கிண்டல் செய்தது. 2005இல் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’, சன் டிவியின் ‘அசத்தப்போவது யாரு’ ஆகியவை மிமிக்ரிக்கும் மேடைச் சிரிப்புக்கும் களம் அமைத்தன. கொங்குப் பக்கத்துக் கலைஞர்கள் பலர் வெளிச்சத்துக்கு வந்தது இந்த அலையில்தான். கோவை குணா, ஈரோடு மகேஷ் ஆகியோரின் பெயரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கு முன்னோடி சத்தியமங்கலத்திலிருந்து வந்த மயில்சாமி; ஒலிநாடா காலத்திலேயே மிமிக்ரியால் வீடுவீடாகப் போனவர்.

ஆக, தமிழ்த் தொலைக்காட்சியின் பலம் மேடை. கேமராவைத் தெருவுக்கு எடுத்துப்போய் அறியாதவரை மாட்டிவிடும் உத்தி அதில் ஓரத்தில் இருந்ததே தவிர, நடுநாயகமாக ஒருபோதும் வரவில்லை. இதற்குப் பணமும் ஒரு காரணம். படத் துணுக்கும் மேடையும் தரும் சிரிப்பு உறுதியானது. தெருவில் பத்துப் பேரை மடக்கினால் இரண்டு பேரிடம்தான் ஒளிபரப்பத் தகுந்த எதிர்வினை கிடைக்கும்.

ஆனால் அந்த உத்தியை அரங்குக்குள்ளேயே தலைகீழாக்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. விஜய் டிவியில் 2009இல் தொடங்கிய ‘அது இது எது’. சிவகார்த்திகேயனும் பிறகு மா.கா.பா. ஆனந்தும் தொகுத்தார்கள். ‘குரூப்புல டூப்பு’ சுற்றில், தாம்தான் அந்த ஆள் என்று மூன்று பேர் சாதிப்பார்கள். உண்மையானவர் யார் என்று விருந்தினராக வந்த பிரபலங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ‘சிரிச்சா போச்சு’ சுற்றில் நடிகர்கள் எதிரில் வந்து அட்டகாசம் செய்வார்கள். விருந்தினர் சிரிக்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும். மாட்டிக்கொள்பவர், திகைப்பு, முகத்தை நெருங்கிக் காட்டும் கேமரா என்று மறைகேமராவின் உறுப்புகள் எல்லாம் இதில் உண்டு. வேறுபாடு ஒன்றுதான்: மாட்டுபவர் தெரிந்தே நாற்காலியில் உட்கார்ந்தவர், அதுவும் ரசிகனைவிடப் பெரிய மனிதர். சாமானியன் பிரபலத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். தெருப் பிராங்க்கில் இந்தத் திசை மாறிவிடுகிறது.

காற்றில் வந்த குறும்பு

தமிழில் அந்நியரை நேரடியாகக் கலாய்ப்பதைப் பழக்கியது தொலைக்காட்சி அல்ல, பண்பலை வானொலி. 2000க்குப் பிறகு கோவையில் சூரியன், மிர்ச்சி, ஹலோ முதலிய நிலையங்கள் வந்தன. தையல் மெஷின் இரைச்சலுக்கு மேல் பாட்டு ஓடும் பனியன் கம்பெனிகளில் அன்றாடத் துணை இந்த அலைவரிசைகள்தான். கண்ணும் கையும் துணியில் இருக்க, காது மட்டும் சும்மா இருக்கும் வேலை அது. தொலைக்காட்சியால் நுழைய முடியாத இடத்தில் வானொலி நுழைந்தது.

ஆர்.ஜே. பாலாஜி வானொலி வாழ்க்கையைத் தொடங்கியது 2006இல் கோவை மிர்ச்சியில். பிறகு சென்னை பிக் எஃப்எம்மில் அவர் செய்த ‘கிராஸ் டாக்’ தமிழ்க் குறும்பு அழைப்புகளில் மிகவும் அறியப்பட்டது. நண்பரோ உறவினரோ எண்ணைக் கொடுத்து, ஆளின் பலவீனத்தையும் சொல்லிவிடுவார்கள். அறிவிப்பாளர் வங்கிக்காரராகவோ வாடிக்கையாளராகவோ பேசி ஆளைக் கொதிக்கவைப்பார். கடைசியில் உண்மையை உடைப்பார். இங்கே கவனிக்க வேண்டியது, மாட்டிவிடுபவர் மாட்டிக்கொண்டவரின் சொந்தக்காரர் அல்லது சிநேகிதர் என்பது. அறிவிப்பாளர் அந்நியர்தான், ஆனால் வீட்டு ஆள் ஒருவர் சார்பில் பேசும் அந்நியர்.

அந்த இணைப்பு அறுந்தால் என்னாகும் என்பதற்கு 2012 டிசம்பர் சாட்சி. பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர்போல் பேசி, ஆஸ்திரேலியாவின் டூடே எஃப்எம் அறிவிப்பாளர்கள் இருவர் லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்தார்கள். அழைப்பை எடுத்து இன்னொருவருக்கு இணைத்துக் கொடுத்தவர் கர்நாடகக் கடற்கரையிலிருந்து சென்ற செவிலியர் ஜசிந்தா சல்தானா. மூன்று நாளில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்த உரையாடலை ஒலிபரப்பியதன் தொடர்பில் அந்த நிலையத்தின் மீது எழுந்த வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போய், 2015இல் நிலையத்துக்கு எதிராக முடிந்தது. அழைப்பின் இலக்கு அந்தச் செவிலியரே அல்ல. அவர் வேலை செய்துகொண்டிருந்தவர், இடையில் அகப்பட்டுக்கொண்டார்.

கேலிக்கு உரிமை உள்ளவர்கள்

யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு எல்லாச் சமூகங்களிலும் வரையறை உண்டு. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரையில், சில உறவுகளுக்குள் ஒருவர் மற்றவரைச் சீண்டவும், சீண்டப்பட்டவர் கோபித்துக்கொள்ளாமல் இருக்கவும் வழக்கமே இடம் கொடுக்கிறது என்று விளக்கினார். தமிழ் வாசகருக்கு இதைக் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாமன், மச்சான், கொழுந்தியா, முறைப்பெண் ஆகியோருக்குள் கேலி உண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மைத்துனர்கள் படுத்தும் பாட்டுக்கு யாரும் பஞ்சாயத்து கூட்டுவதில்லை. அப்பா, மாமனார், சம்பந்தி ஆகியோரிடம் அது நடக்காது. உறவு முறையே கேலியின் அளவையும் எல்லையையும் வைத்திருக்கிறது.

கவுண்டமணியின் நகைச்சுவை இந்த வரையறைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் உடுமலைப்பேட்டை அருகே வல்லக்குண்டாபுரத்தில் பிறந்தவர் அவர். திரையில் அவர் வாய்க்கு வந்தபடி திட்டுவது செந்திலை, அதாவது கூடவே திரியும் ஆளை. உதை வாங்கியவர் அடுத்த காட்சியில் மறுபடி அதே திண்ணையில் வந்து உட்காருவார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அதனால்தான் அந்த வசவு வலிக்காமல் சிரிப்பாகிறது.

மறைகேமரா இந்த உரிமையை உறவே இல்லாதவரிடம் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்ட பிறகுதான் உறவைத் தேடுகிறது. கொங்குப் பக்கத்தில் எடுக்கும் காணொளிகளின் கடைசிக் கட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: “அண்ணா, சும்மா பிராங்க்குங்ணா, கோச்சுக்காதீங்க, கேமரா அங்க இருக்குது பாருங்க.” குறும்பு செய்தவர் தோளில் கை போடுவார், கட்டிப் பிடிப்பார். அதுவரை அடிக்கக் கையை ஓங்கியவர், கேமராவைப் பார்த்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார். நடந்து முடிந்த சீண்டலுக்குப் பின்தேதியிட்டு ஓர் அண்ணன் தம்பி உறவு உண்டாக்கப்படுகிறது. கேட்காமல் எடுத்த உரிமை, கேட்டுப் பெற்றதுபோல ஆகிவிடுகிறது.

உறவுச் சொல்லால் காரியம் சாதிப்பது இந்த வட்டாரத்தின் தொழில் வாழ்க்கையிலும் உண்டு. கொங்கு நெசவுத் தொழிலை ஆராய்ந்த மானிடவியலாளர் கெர்ட் டி நீவ், முதலாளிகள் தொழிலாளரைச் சொந்தக்காரர் என்று சொல்லி இழுத்துவைக்க முயல்வதையும், அந்தப் பிடி நினைத்த அளவுக்கு இறுகாததையும் 2008இல் எழுதினார். பனியன் கம்பெனியிலும் முதலாளி ‘அண்ணன்’தான், டெய்லரும் ‘அண்ணன்’தான், சனிக்கிழமை சம்பளக் கணக்கில் மட்டும் யார் யார் என்பது தெளிவாகும். பிராங்க்காரரின் ‘அண்ணா’வும் இதே இனம். இருவரும் சமமாக நிற்கும் இடத்தில் அது வேலை செய்கிறது. எதிரில் நிற்பவர் தனியாக நடந்துபோகும் பெண் என்றால், கேமராவைக் காட்டிவிட்டு “சிஸ்டர்” என்று கூப்பிடுவது எதையும் சரிசெய்யாது; அதற்கு முன் நடந்தது சீண்டலாகவே நின்றுவிடும். எதிரில் நிற்பவர் தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி என்றால் அந்தச் சொல்லே அவரைப் போய்ச் சேராது.

தயாரிப்பு முறை

செய்முறை வெளியில் தெரிவதைவிடக் கடினமானது. கேமராவை ஒளித்துவைப்பது சுலபம். கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டிய வேன், கடையின் மேல்தட்டு, எதிர் மாடி என்று எங்கும் வைத்துவிடலாம். கஷ்டம் ஒலியில் இருக்கிறது. பேருந்து நிலைய இரைச்சலில் மாட்டிக்கொண்டவர் முணுமுணுப்பதுதான் சிரிப்பின் உயிர். அவர் உடலில் மைக் வைக்க முடியாது. எனவே குறும்பு செய்பவர் தன் சட்டைக்குள் மைக்கை வைத்துக்கொண்டு, ஆளை நெருங்கி நெருங்கிப் பேசுவார். பார்ப்பவருக்கு அது அடாவடியாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தொழில்நுட்பத் தேவைதான்.

இரண்டாவது, ஒப்புதல். முறையான தொலைக்காட்சி நிறுவனம், உண்மை உடைந்த பிறகு சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்கும். மறுத்தால் போடாது, அல்லது முகத்தை மறைத்துப் போடும். கையெழுத்து போடும் அந்த நொடியில் சுற்றிலும் பத்துப் பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். “சிரிக்கத் தெரியாத ஆள்” என்ற பெயருக்குப் பயந்தே பலர் சரி என்றுவிடுவார்கள்.

மூன்றாவது, வெட்டி ஒட்டுதல். தமிழ்ப் பிராங்க் காணொளிகளுக்கென்று ஒரு நடை உண்டு. ஆள் திகைக்கும் இடத்தில் படம் உறைந்து நிற்கும்; வடிவேலு முகம் மூலையில் தோன்றி ஒரு வசனம் சொல்லும்; கோபம் ஏறும்போது கவுண்டமணி குரல் வரும். கனடாக்காரர்களின் பொய்ச் சிரிப்பொலி செய்யும் வேலையை இங்கே சினிமா செய்கிறது: இது சிரிக்க வேண்டிய இடம் என்று பார்ப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அந்த ஒட்டுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், பல காணொளிகளில் மிஞ்சுவது ஒருவர் இன்னொருவரிடம் தகராறு செய்வது மட்டுமே.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவான பிறகு, இந்த வேலைகளுக்குத் தொலைக்காட்சி நிலையம் தேவைப்படவில்லை. பிளாக் ஷீப் யூடியூப் குழுவின் ‘ஃபன் பண்றோம்’ போல ஓரளவு பெரிய குழுவாக இயங்கியவை சில; இரண்டு கைபேசியும் ஒரு மைக்குமாகத் தொடங்கியவை ஏராளம். தொலைக்காட்சியில் ஒரு தயாரிப்பாளரும் ஒரு வழக்கறிஞரும் பார்த்து நிறுத்தியிருக்கக்கூடியது, இங்கே எடுத்தவர் கையாலேயே பதிவேறிவிடுகிறது. கூடவே இன்னொன்றும் நடந்தது. பலவற்றில் மாட்டிக்கொள்பவரே ஏற்பாடு செய்த நடிகர். ஒழுக்க ரீதியில் பார்த்தால் இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் எது ஏற்பாடு, எது நிஜம் என்று தெரியாமல் பார்த்துப் பழகியவர், அடுத்த முறை நிஜமாகவே ஒருவர் அழுவதைப் பார்த்தாலும் “இதெல்லாம் ஸ்கிரிப்ட்” என்று சிரித்துக் கடந்துவிடுகிறார். கியூபாவுக்குப் போன விமானத்தின் பயணிகள் இருந்த அதே நிலை.

பனியன் ஊரில்

2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். இந்தத் தொகையின் அடியில் இருப்பது நிமிடக் கணக்கு. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை போனால் ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கு ஓவர்லாக்கிலோ பேட்லாக்கிலோ ஓடும் ஒவ்வொரு பீஸும் காசு. செக்கிங், அயர்னிங், கைமடி என்று வரிசையில் ஒருவர் தாமதித்தால் அடுத்தவர் கை நின்றுபோகும். தெருவில் பத்து நிமிடம் ஒருவரை நிறுத்திவைத்து விளையாடுவது கடற்கரையில் காற்று வாங்க வந்தவருக்கு வேடிக்கை. ஷிப்டுக்கு ஓடுபவருக்கு அது கூலி. பிராங்க் எடுப்பவர்கள் பெரும்பாலும் பூங்கா, ஏரிக்கரை, கல்லூரி வாசல், வணிக வளாகம் என்று தேடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அவசரமில்லாதவர்தான் நின்று மாட்டுவார்.

எனவே இந்த ஊர் மறைகேமராவின் படப்பிடிப்புத் தளமாக இருப்பதைவிட அதன் பார்வையாளர் கூடமாகவே இருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தொழிலாளர் குடியிருப்புகளின் ஒற்றை அறைகளுக்குள்ளும் வந்தது. இன்று அந்த இடத்தில் கைபேசி. வேலை நேரத்தில் கைபேசிக்கு இடம் கொடுக்காத கம்பெனிகள் உண்டு. ஆகவே பார்ப்பது பேருந்திலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும். ஏற்றுமதிக் கம்பெனிகளின் தையல் கூடத்தில் சிசிடிவி இருப்பதும் சாதாரணம். நாள் முழுக்கத் தலைக்கு மேல் ஒரு கேமராவோடு வேலை பார்த்தவர், இரவில் இன்னொரு கேமரா யாரையோ பிடிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார். முதல் கேமரா எங்கே இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியும்.

அந்நியர்கள் நிறைந்த ஊரில் ஒரு காணொளித் துண்டு என்ன செய்யும் என்பது 2023 மார்ச்சில் தெரிந்தது. தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சமூக ஊடகங்களில் காணொளிகள் பரவின. சம்பந்தமில்லாத பழைய சண்டைகளை வெட்டி எடுத்தவையும், வேண்டுமென்றே நடித்து எடுத்தவை என்று பின்னர் குற்றம்சாட்டப்பட்டவையும் அவற்றில் இருந்தன. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பதறினார்கள். பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். மாநிலக் காவல்துறைத் தலைவர் மறுப்புக் காணொளி வெளியிட்டார், பிகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது, போலிக் காணொளி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. அவை பிராங்க் அல்ல. ஆனால் செய்முறை அதேதான்: நடித்து எடு, வெட்டு, ஒட்டு, நடந்ததுபோல் காட்டு. இத்தகைய ஊரில் மொழி தெரியாத ஒருவரைத் தெருவில் மறித்து மிரட்டி, பிறகு சிரித்து, அதைப் பதிவேற்றினால், கடைசி இருபது விநாடி இல்லாத அதன் நகல் ஒன்று வேறு மாநிலத்தில் வேறு தலைப்போடு சுற்றுவதை யாராலும் தடுக்க முடியாது.

சட்டம் நிற்கும் இடம்

தொலைக்காட்சிக்கு விதி உண்டு. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் நிகழ்ச்சிக் கோட்பாடு, தனிநபரை இழிவுபடுத்தும், அவதூறு செய்யும் நிகழ்ச்சிகளைத் தடுக்கிறது. தனியுரிமை குறித்த அடிப்படைத் தீர்ப்புகளில் ஒன்று தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் வழக்கில் பிறந்தது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றிய நக்கீரன் வழக்கில், பொது ஆவணங்களில் இல்லாத ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் ஒப்புதலின்றி வெளியிடலாகாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையாகவே அறிவித்தது.

2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலிக்கு எதிரான வழக்கில் இடைக்காலத் தடை விதித்தபோது, குறும்புக் காணொளிகளையும் கண்டித்தது; மூன்றாவது ஆள் ஒருவரைக் கேலிப்பொருளாக்குவது தனியுரிமை மீறல் என்பது அதன் கருத்து. டிக்டாக் மீதான அந்தத் தடை அதே மாதம் 24ஆம் தேதி நீக்கப்பட்டது. யூடியூப் நிறுவனமும் அதே ஆண்டு ஜனவரியில், ஆபத்தான குறும்புகளையும் குழந்தைகளுக்குக் கடும் மன உளைச்சல் தரும் குறும்புகளையும் தன் தளத்தில் தடைசெய்திருந்தது.

நடைமுறையில் வழக்குகள் எழுவது பெரும்பாலும் பெண்கள் சம்பந்தப்பட்டிருக்கும்போதுதான். சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா சீண்டலால் உயிரிழந்ததைத் தொடர்ந்து 1998இல் வந்த, பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் அதற்குக் கைகொடுக்கிறது. 2021 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பெண்களிடம் ஆபாசப் பேட்டி எடுத்த யூடியூப் சேனலைச் சேர்ந்த மூவர் கைதானார்கள். 2022 ஆகஸ்டில் கோவை மாநகரக் காவல்துறை, பொது இடங்களில் பிராங்க் எடுத்து மக்களுக்குத் தொல்லை தருபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று வெளிப்படையாக எச்சரித்து, ஒரு சேனல் மீது வழக்கும் பதிந்தது. பனியன் வட்டாரத்துக்கு மிக அருகில் நடந்த நடவடிக்கை இது.

பிராங்க்குக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் மட்டுமே குற்றமாக்குகிறது. தெருவில் ஒருவர் முட்டாளாக்கப்படுவதை அது தொடாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு பெண்ணின் மாண்பைக் குலைக்கும் சொல்லுக்கும் செய்கைக்கும் பொருந்தும். கேலிக்கு ஆளான ஓர் ஆண் தொழிலாளி அவதூறு வழக்கு என்ற நீண்ட வழியில்தான் போக வேண்டும். ஒரு நாள் ஷிப்டை விட்டுவிட்டு நீதிமன்றம் போகிறவர் அரிது. அவர் கையில் இருக்கும் எளிய வழி வேறு. கேமரா முன் சிரித்துவிட்டாலும், ஒளிபரப்ப வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொல்லியும் பதிவேறினால் யூடியூபின் தனியுரிமைப் புகார்ப் படிவத்தில், தம் முகம் தோன்றும் நிமிடத்தைக் குறிப்பிட்டுத் தாமே புகார் கொடுக்கலாம். மிரட்டலோ சீண்டலோ இருந்தால் மாநகரக் காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவை அணுகலாம்.